அக்கா ஓட்ட, தம்பி ஆட

மாவட்ட அளவில் ஜெயித்தாயிற்று; அடுத்த கட்டம் சென்னையில். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது. அம்மாவுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்காது. "அக்காதான் கார் ஓட்டுறாளே, அவளே கூட்டிட்டுப் போகட்டும்" என்று ஒரு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் முடிவாகிவிடும். திண்டுக்கல்லிலும் வேடசந்தூர், வடமதுரை, நத்தம், நிலக்கோட்டைப் பக்கங்களிலும் இப்படி முடிவெடுக்கும் வீடுகள் நிறைய.

இந்த அத்தியாயம் கூட்டிப் போகிற அக்காவுக்கு. (அண்ணனாக இருந்தாலும் இதேதான்.) ஆடப்போகிற தம்பிக்குப் பயிற்சியாளர் இருக்கிறார். துணைக்குப் போகிறவருக்குத்தான் யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. பயணம் உருப்படுவதோ கெடுவதோ பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது என்பதால் அவரிடமிருந்தே தொடங்குவோம். உதாரணத்துக்குச் செஸ் போட்டியை எடுத்துக்கொள்கிறேன். மூன்று நான்கு நாள் நீளும், காத்திருப்பு அதிகம், உடன்பிறப்புகளின் பொறுமையை அதுபோல் சோதிக்கும் ஆட்டம் வேறில்லை. சிலம்பம், தடகளம், பேட்மின்டன் என்று போகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம்.

காரா, ரயிலா?

காரில் போவதாக முடிவெடுக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து சென்னை ஏறக்குறைய 420 முதல் 430 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற காருக்குப் போக வர 57 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 5,700 ரூபாய். அதற்குமேல் டோல்கேட், சென்னையில் பார்க்கிங். இரண்டே பேர் என்றால் ரயில்தான் மலிவு. வைகை எக்ஸ்பிரஸோ, 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத்தோ, காலையில் திண்டுக்கல்லில் ஏறினால் மதியம் எழும்பூர். இரவில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் படுத்துக்கொண்டே போய்விடலாம்.

கார் எப்போது நியாயம்? மூன்று பேருக்கு மேல் போகும்போது. சிலம்பக் கம்பு, வில், ஈட்டி என்று ரயிலில் கொண்டுபோகச் சிரமமான சாமான் இருக்கும்போது. இன்னொன்று, போட்டி நடக்கும் இடம் நகரத்துக்கு நடுவில் இல்லாதபோது. சென்னைப் போட்டி என்று நோட்டீசில் போட்டிருக்கும். இடம் பார்த்தால் பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியாகவோ, ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரிப் பக்கமாகவோ இருக்கும். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டையே சென்னை ஒலிம்பியாட் என்றுதான் ஊரெல்லாம் சொன்னது. ஆட்டம் நடந்தது மாமல்லபுரத்தில். அதனால் கிளம்புமுன் அரங்கின் முழு முகவரியை வாங்கி வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். எழும்பூரில் இறங்கி அங்கே போக ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து நேராகத் திரும்பிவிடுகிற கார்தான் நல்லது.

ஓட்டுகிறவருக்கு 18 வயது நிறைந்து முழு லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். "பதினேழரை ஆச்சு, நல்லா ஓட்டுவான்" என்ற பேச்செல்லாம் நம் தெருவோடு சரி. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றவர்களுக்கும் வண்டிக்குச் சொந்தக்காரருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம். தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை வாடகை பேசி எடுத்துப் போவதும் வேண்டாம். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும்.

ஒரு பிளாஸ்டிக் உறை

எல்லாக் காகிதங்களும் ஒரே உறையில், அந்த உறை அக்காவின் பையில். தம்பியின் பையில் வைத்தால் அது ஜெர்ஸிக்கு அடியில் போய்விடும். பிறப்புச் சான்றிதழ் அசலும் நகலும், இருவரின் ஆதார் அட்டை அசல், பள்ளியில் வாங்கிய போனஃபைடு, நுழைவுக் கட்டணம் கட்டிய ரசீது, செஸ் என்றால் வீரரின் பதிவு எண், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம். வயதுப் பிரிவுப் போட்டிகளில் அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுவது வழக்கம். பிறந்த தேதி ஆதாரில் ஒன்றும் பிறப்புச் சான்றிதழில் ஒன்றுமாக இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் திண்டுக்கல். சென்னையில் பதிவு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அல்ல.

பலரும் மறப்பது பெற்றோரின் கடிதம். தம்பிக்கு 18 ஆகவில்லை என்றால், "என் மகனுக்கு இந்தப் போட்டிக் காலம் முழுவதும் என் மகளே பொறுப்பாளர்" என்று அப்பாவோ அம்மாவோ நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அமைப்பாளர் கேட்டாலும் கேட்பார், கேட்காமலும் விடுவார். ஆஸ்பத்திரி என்று வந்தால் கட்டாயம் கேட்பார்கள். லாட்ஜிலும் உதவும். இளம்பெண்ணும் பையனும் வந்து ஒரே அறை கேட்டால் வரவேற்பில் இருப்பவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். இரண்டு ஆதாரிலும் அப்பா பெயர் ஒன்றாக இருந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, காற்றடித்த ஸ்டெப்னி. ஸ்டெப்னி மாற்றத் தெரியாது என்றால் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஒருதடவை கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். தம்பிக்கும் பக்கத்தில் வேலை கொடுங்கள்.

சாலை

போட்டி சனிக்கிழமை காலை என்றால் வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குத் திண்டுக்கல்லை விட்டுவிட வேண்டும். லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிக்க வியாழன் இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடியற்காலை சென்னையில் இறங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எப்பேர்ப்பட்ட ஓட்டுநருக்கும் கண் சொருகும். அக்காவோ வழக்கமாக நத்தம் ரோட்டிலும் பழனி ரோட்டிலும் பகலில் ஓட்டுகிறவர்.

ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறே முக்காலுக்குத் திருச்சி. அங்கே மன்னார்புரம், ஜி கார்னர், பால்பண்ணை ஆகிய மூன்று இடத்தையும் பள்ளிக்கூட நேரத்துக்கு முன் கடந்துவிட வேண்டும். நேரத்தை இப்படி இறுக்கிச் சொல்வது அதற்காகத்தான். காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டிவிட்டால் பிறகு பெரம்பலூர் வரை நிம்மதி. செவ்வாய், ஞாயிறு, அமாவாசை நாட்களில் மட்டும் சமயபுரத்தில் கூட்டம் சாலைக்கு வந்துவிடும். மார்கழியிலும் தையிலும் மேல்மருவத்தூரில் செவ்வாடைப் பக்தர்கள் வருகிற பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும்.

எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து முதல் ஒரு மணி நேரம் மாறும். வேடசந்தூர்க்காரர்கள் திண்டுக்கல்லுக்கு இறங்கி வர வேண்டியதில்லை. வடமதுரையில் போய்த் திருச்சி சாலையைப் பிடிக்கலாம். நத்தத்திலிருந்து கொட்டாம்பட்டி போய் மதுரை–திருச்சி சாலையில் ஏறினால் துவரங்குறிச்சி, விராலிமலை வழியாகத் திருச்சி வந்துவிடும். ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைக்காரர்களுக்குத் திண்டுக்கல் பைபாஸ்தான். தை மாதம் என்றால் ஒன்று கவனியுங்கள்: பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்கு முன் நடக்க வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். நத்தம் சாலையிலும் ஒட்டன்சத்திரம் சாலையிலும் ஓரமெல்லாம் ஆட்கள். அந்த வாரங்களில் வேகத்தை மறந்துவிட்டு, நேரம் அரை மணி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை காலையில் போகிறவர்களுக்கு அய்யலூர் ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத் சமயம் என்றால் அந்த இடத்தில் லாரியும் வேனும் ஆடுமாக இருக்கும்.

சாலைக்குப் போட்டிருக்கிற எண்ணை நம்பி வழி கேட்காதீர்கள். திண்டுக்கல்–திருச்சி இப்போது தேசிய நெடுஞ்சாலை 83. திருச்சியிலிருந்து விழுப்புரம் வரை 38, விழுப்புரம்–திண்டிவனம் 132, அங்கிருந்து சென்னை வரை 32. பழைய ஓட்டுநர்கள் இவ்வளவையும் சேர்த்து 45 என்றே சொல்வார்கள். கடைசித் துண்டு சென்னைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரோடு. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

டோல்கேட் ஏழு: பொன்னம்பலப்பட்டி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர். (இந்த ஆத்தூர் நம் காமராஜர் அணைப் பக்கத்து ஆத்தூர் இல்லை, சேலத்து ஆத்தூரும் இல்லை, திண்டிவனம் தாண்டி வருவது.) ஃபாஸ்டேக்கில் காசு இல்லையென்றால் வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். போய் வந்தால் பதினான்கு முறை கழியும். ஆண்டுக்கு மூன்று நான்கு போட்டிக்குக் காரிலேயே போகிற வீடு என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். முதல் நிறுத்தம் பெரம்பலூர்ப் பக்கம், காலைச் சாப்பாட்டுக்கு. உளுந்தூர்பேட்டையில் சேலத்துச் சாலை வந்து சேர்கிறது. அதன்பிறகு லாரியும் ஆம்னி பஸ்ஸும் கூடும் என்பதால் ஓட்டுகிறவர் அதற்கு முன்பே ஒரு டீ குடித்துவிடுவது நல்லது. விக்கிரவாண்டியைச் சுற்றி நீளத்துக்கு ஓட்டல்கள். பஸ்கள் மொத்தமாக நிற்கிற இடங்களில் விலையும் மொத்தமாகத்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற கடையாகப் பார்த்து நிறுத்துங்கள். வண்டி நின்றுபோனாலோ விபத்தைப் பார்த்தாலோ நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108.

காருக்குள் தம்பியைப் பின்சீட்டில் படுக்க விடுங்கள். போனில் செஸ் புதிர் போட்டுக்கொண்டே வந்தால் மணப்பாறைக்குள் தலை சுற்றி வாந்தி வரும், அந்த நாள் முழுக்க முகம் வெளிறியே இருக்கும். முன்சீட்டில் பேச்சுத் துணைக்கு இன்னொரு ஆள், சித்தி மகளோ பெரியப்பா மகனோ, வந்தால் உத்தமம். பாட்டு யாருடையது என்ற சண்டைக்கு ஒரு வழி: சக்கரத்தைப் பிடித்திருப்பவர் வைப்பதுதான் பாட்டு.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று சாயங்காலம் சென்னையே ஊருக்குக் கிளம்பும். பெருங்களத்தூரிலிருந்து பரனூர் வரை வெளியே வருகிற பக்கம்தான் நெரியும் என்றாலும், வண்டலூர், கூடுவாஞ்சேரி சந்திப்புகளில் அந்த நெரிசல் உள்ளே போகிறவர்களையும் பிடித்துக்கொள்ளும்.

வயிறு

திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான்: போட்டி முடியும் வரை பிரியாணி வேண்டாம். சீரகச் சம்பா எவ்வளவு சின்ன அரிசியாக இருந்தாலும் மதியச் சுற்றில் கண்ணை இழுக்கும். சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இங்கிருந்து பார்சல் கட்டிப் போவதும் வீண்வேலை. நம் ஊர்ப் பெயரைப் பலகையில் போட்ட கடை அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. பதிலாகச் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு எடுத்துப் போங்கள். தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது, இரண்டு சுற்றுக்கு நடுவில் சாப்பிட அதைவிடத் தோதானது கிடைக்காது. முறுக்கு மணப்பாறையில் வாங்கலாம், திரும்பி வரும்போது.

பழகாத சாப்பாட்டை ஆட்ட நாளில் முயன்று பார்க்கக் கூடாது என்பதில் உலகத் தரத்தில் ஆடுகிறவர்கள் எவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர்கள் வைஷாலி, பிரக்ஞானந்தா இருவரின் அம்மா நாகலட்சுமி, பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போகும்போது மின் அடுப்பும் அரிசியும் மசாலாவும் கொண்டுபோய் அறையிலேயே ரசமும் சோறும் ஆக்கிக் கொடுப்பவர். சென்னைக்குப் போக அவ்வளவு தேவையில்லை. இட்லி, தயிர்சாதம் கிடைக்கிற ஒரு மெஸ் அரங்கத்துக்கு நடக்கிற தூரத்தில் எங்கே இருக்கிறது என்று முதல் நாள் மாலையே பார்த்து வைத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏமாறுவார்கள். நம் சமவெளியில் வெயில் காய்ந்த வெயில். வியர்வை உடனே உலர்ந்துவிடும். சென்னையில் காற்றிலேயே ஈரம். உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், களைப்பு தெரியாமல் ஏறும். வெட்டவெளியில் ஆடுகிறவர்களுக்கு உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ அவ்வப்போது கொடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போட்டி என்றால் வடகிழக்குப் பருவமழை. இரண்டாவது ஜோடி காலணி கட்டாயம்.

நகரத்துக்குள்

அறை அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வசதி குறைந்தாலும் பரவாயில்லை. சித்தப்பா வீட்டில் தங்கினால் செலவு மிச்சம்தான். ஆனால் அங்கே ராத்திரி பதினொரு மணி வரை விருந்தோம்பல் நடக்கும். போட்டி முடிந்த அன்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

லாட்ஜ் வாசலில் கார் நின்றால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். நேரு விளையாட்டரங்கம் மாதிரி நகர நடுவில் போட்டி என்றால் மெட்ரோவில் போவது காரைவிட வேகம், சென்ட்ரலில் இறங்கலாம். தாம்பரம் பக்கம் தங்கியிருந்தால் புறநகர் ரயில். அரங்கத்துக்குப் போகிற வழியை முதல் நாள் மாலை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த வாசல், எத்தனையாவது மாடி, கழிப்பறை எங்கே என்பது வரை.

அரங்க வாசலில்

செஸ் போட்டியில் ஒவ்வொரு அமைப்பாளரும் ஒரு தாமத வரம்பு வைத்திருப்பார். அதைத் தாண்டி வந்தால் ஆடாமலே தோல்வி. எதுவும் சொல்லவில்லையென்றால் வரம்பு பூஜ்யம் என்பது சர்வதேச விதி; அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நாற்காலியில் இருந்தாக வேண்டும். அரை மணி முன்னால் போங்கள். போனும் ஸ்மார்ட் வாட்சும் அக்காவிடம். சட்டைப்பையில் போன் இருப்பது தெரிந்தாலே ஆட்டம் போகும்; அணைத்து வைத்திருந்தேன் என்ற சமாதானம் எடுபடாது. கடிகாரக் கணக்கு, அடுத்த சுற்று நேரம், யாரோடு ஆட்டம் என்ற பட்டியல் இதையெல்லாம் அக்கா பார்த்துச் சொல்லலாம். நடுவரிடம் முறையிடுவது மட்டும் தம்பியே செய்ய வேண்டியது. கையைத் தூக்கி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிடுவது எப்படி என்று ஊரிலேயே பழக்கிவிடுங்கள். முதல்தடவை வருகிற பிள்ளைகள் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் கூச்சத்தில் வாய் திறக்காமல் தோற்பது வழக்கமான காட்சி.

பிறகு கதவு சாத்தப்படும். துணைக்கு வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. நீளமான ஆட்டம் என்றால் மூன்று, நான்கு மணி நேரம்.

துணைக்கு வந்தவரின் நான்கு மணி நேரம்

இந்த நேரத்தை என்ன செய்வது என்று யாரும் திட்டமிடுவதில்லை. அரங்க வாசலில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்து, "உங்க பையன் ரேட்டிங் என்ன?" என்ற விசாரணையில் மாட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அது தொற்றுநோய். மாலையில் அந்தக் கவலையை அக்கா தம்பிக்குக் கொண்டு வந்து கொடுப்பாள். தப்பிக்க வழி, வாசலை விட்டு நகர்வது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010இல் திறந்தது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. கல்லூரித் தேர்வோ போட்டித் தேர்வோ எழுதப்போகிற அக்காவுக்கு அது வரம். (2024 நவம்பரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி அங்கேதான் நடந்தது, ஜெயித்தது நம் பக்கத்து மதுரைக்காரர் அரவிந்த் சிதம்பரம்.) எழும்பூரில் தங்கியிருந்தால் அருங்காட்சியகம்; வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆட்டம் முடியும் என்று கணக்கிடுகிற நேரத்துக்கு ஒரு மணி முன்னால் திரும்பி வந்துவிடுங்கள். சீக்கிரம் தோற்றவர்கள்தான் சீக்கிரம் வெளியே வருவார்கள், அவர்களுக்குத்தான் ஆள் தேவை.

வெளியே வருகிற முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். "என்னடா ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "சாப்பிடுறியா?" போதும். எங்கே தவறினான் என்று போனில் செஸ் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்ப்பதை அடுத்த சுற்று இருக்கிற நாளில் செய்யக் கூடாது. அப்பாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: போன் வருவது அக்காவுக்கு, அதுவும் இரவு ஒரே ஒருமுறை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் பிள்ளை இரண்டு போட்டி ஆட வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு பக்கம் உண்டு, வீட்டில் பேச மாட்டார்கள். கூட்டிப் போகிற அக்காவும் ஒரு காலத்தில் ஏதாவது ஆடியிருப்பாள். பெரும்பாலும் அவள் ஆடியதைப் பார்த்துத்தான் தம்பி உட்கார்ந்திருப்பான். வைஷாலி வீட்டிலும் அப்படித்தான்: மகள் டி.வி. பார்ப்பதைக் குறைக்கச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள், நான்கு வயது இளைய தம்பி பார்த்துப் பழகினான். தம்பி 2018 ஜூனில், 13 வயதுகூட நிறையாதபோது கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். முன்னால் தொடங்கிய அக்கா அந்த எல்லையைத் தொட்டது 2023 டிசம்பரில், ஸ்பெயினில். நடுவில் ஐந்தரை ஆண்டு. அந்த ஐந்தரை ஆண்டும் அவர் ஆடிக்கொண்டே இருந்தார் என்பதால்தான் உலகில் முதல் அக்கா–தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி நமக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரலில் டொரன்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. ஆனால் பயணத்தில் ஒரு அரை நாளாவது அக்காவுக்கென்று ஒதுக்குங்கள். அவள் பார்க்க விரும்பிய கல்லூரியோ புத்தகக் கடையோ கடற்கரையோ. அன்று தம்பி கூட நடக்கட்டும், பையைத் தூக்கிக்கொண்டு. பயணச் செலவில் அவளுடைய சாப்பாடும் அவள் இழந்த சம்பள நாளும் சேரட்டும். "சும்மாதானே போறா" என்ற கணக்கு இரண்டாவது பயணத்துக்கு ஆளில்லாமல் செய்துவிடும்.

இருவருமே ஆடினால்

திறந்த பிரிவில் அண்ணனும் தம்பியும், அல்லது அக்காவும் தம்பியும் சேர்ந்து பதிவு செய்தால் ஒரு சிக்கல் உண்டு. ஸ்விஸ் முறையில் ஒரே புள்ளியில் இருப்பவர்களைக் கணினி ஜோடி சேர்க்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகளா என்று அது பார்ப்பதில்லை. கார் ஏறுமுன்பே "நாம ரெண்டு பேரும் மோதினா?" என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். பேசி வைத்து டிரா செய்வது விதிமீறல். விட்டுக்கொடுத்தால் வாங்கியவருக்கு அது இன்னும் கசக்கும். டென்னிஸில் வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகள் கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டியில் மட்டும் ஒன்பது முறை எதிரெதிரே நின்றார்கள். அதே இருவர் ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டங்களும் வாங்கினார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்றாவது சுற்றில் ஒருமுறை மோதினால் குடும்பம் உடைந்துவிடாது. அன்று இரவு ஒரே அறையில் தூங்க வேண்டியிருக்குமே, அதுதான் பிரச்சினை. பெரியவர் ஜெயித்தால் ஐஸ்கிரீம் அவர் செலவு; சின்னவர் ஜெயித்தால் அதைப் பற்றி ஊர் போய்ச் சேரும்வரை பேசக் கூடாது. இந்த இரண்டு விதியும் எழுதிக் கையெழுத்து வாங்கத் தக்கவை.

திரும்பும் நாள்

கடைசிச் சுற்று ஞாயிறு மதியம் முடியும் என்று நோட்டீசில் இருக்கும். பரிசளிப்பு விருந்தினர் வந்து சேர மாலை ஆகிவிடும். அதற்குப்பின் காரை எடுத்து ராத்திரியோடு ராத்திரியாக ஊர் சேர்வது, போகும்போது வேண்டாம் என்று சொன்ன அதே இரவுப் பயணம்தான். கூடவே மூன்று நாள் களைப்பும். எதிர்ப் பக்கத்தில் ஊரிலிருந்து சென்னை திரும்புகிற வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும். ஒரு இரவு கூடுதலாகத் தங்கித் திங்கள் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் திண்டுக்கல். பள்ளியில் திங்கட்கிழமைக்கும் சேர்த்து ஆன் டியூட்டி கேட்டு வாங்கியிருக்க வேண்டும், அதற்குப் பங்கேற்புச் சான்றிதழ் வேண்டும். பரிசு கிடைக்காதவர்கள் கோபத்தில் அதை வாங்காமலே வந்துவிடுவது உண்டு. பெயரின் எழுத்துக்கூட்டலையும் பிறந்த தேதியையும் மேசையிலேயே சரிபார்த்து வாங்குங்கள்.

சர்வதேச ரேட்டிங் உள்ள போட்டி என்றால் புள்ளி மாதம் ஒருமுறைதான் வெளியாகும். 2024 மார்ச் 1 முதல் பட்டியலில் சேரக் குறைந்தபட்ச ரேட்டிங் 1,400 என்று உயர்த்திவிட்டார்கள் என்பதால், நன்றாக ஆடியும் பெயர் வரவில்லையே என்று முதல் போட்டியிலேயே மனம் விட வேண்டாம். போட்டி முடிந்துவிட்டதால், திரும்பும் வழியில் பிரியாணிக்குத் தடை இல்லை. ஆனாலும் வண்டி ஓட்டுகிறவர் ஊர் வந்த பிறகே சாப்பிடட்டும். மதியம் பன்னிரண்டுக்கு வந்தால் கடையில் முதல் தேக்சா திறக்கிற நேரம் சரியாக இருக்கும்.